ஷ்ரோஃபனில் நாற்பத்தொரு பேர்

1

நவம்பர் 14, செவ்வாய்.

நேற்று எழுதியதில் ஒரு சிறிய தவறு இருக்கிறது. "ஷ்ரோஃபன் ஊரின் மக்கள்தொகை நாற்பத்தொன்று" என்று எழுதியிருக்கிறேன். நாற்பத்திரண்டு என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் இன்று காலையில் அந்த வாக்கியம் தானாகவே சரியாகிவிட்டது. நான் அதைத் தொடவில்லை.

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். உண்மையில் இது கதையாகவே இருந்திருக்கக் கூடாது. வியாழக்கிழமை மாலை வகுப்பில் படிக்க வேண்டிய பயிற்சி: "உங்கள் ஊரும் அதன் மக்களும்", இரண்டு பக்கம். மற்றவர்கள் புதன்கிழமைதான் பேனாவைத் தேடுவார்கள். நான் திங்கள்கிழமையே முடித்து, ஓரம் வெட்டி, உறையில் போட்டுவிட்டேன். இப்போது அந்த இரண்டு பக்கத்தையும் சமையலறை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது.

எங்கள் ஆசிரியை ஹெல்ரிகல் ஒருமுறை சொன்னார்: கை நடுங்குகிற இடத்தில் "நான்" என்பதை எடுத்துவிட்டு "அவன்" என்று போட்டுப் பாருங்கள், வாக்கியம் நிற்கும். கை நடுங்குகிறது. ஆகவே இனி வரும் கஸ்ஸியன் நான்தான். அடைப்புக்குறிக்குள் பேசுகிறவனும் நான்தான். இதில் வேறு சூது எதுவும் இல்லை.

2

முதல் தொடக்கம் (நேற்றையது, அப்படியே):

ஷ்ரோஃபன் எங்கள் பள்ளத்தாக்கின் கடைசி ஊர். சாலை இங்கே முடிந்துபோகிறது. பதினேழு வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பால்கூடம், ஒரு நீர்த்தொட்டி. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் பிப்ரவரியில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். மக்கள்தொகை நாற்பத்தொன்று. ஆண்கள் பத்தொன்பது, பெண்கள் இருபத்திரண்டு. மூத்தவர் தொண்ணூற்று மூன்று வயதான கிரெஸென்ஸ் மோஸர். கணவர் இறந்த பிறகு தன் வீட்டில் தனியாக வாழ்கிறார்.*

* இந்த அடிக்குறிப்பை இப்போது எழுத முடியவில்லை. பிறகு.

(கீழே ஊராட்சி அலுவலகத்தில் கேட்டபோது நாற்பத்திரண்டு என்றுதான் சொன்னார்கள். கஸ்ஸியன் மனத்துக்குள் சிரித்துக்கொண்டான். போன மாதம் இறந்துபோன கிழவர் யோஸெஃபை இன்னும் நீக்கவில்லை போல, இவர்கள் லட்சணம் இதுதான் என்று நினைத்தான். வீடு வீடாக மனத்துக்குள்ளேயே நடந்து எண்ணினான். இரண்டு முறை. கூட்டலில் பிழை இல்லை.)

இரண்டாவது தொடக்கம்:

மரணம் மலையூர்களுக்கு வரும்போது அது எப்போதும் —

(வேண்டாம். இருபத்துமூன்று வயதில் "எப்போதும்" என்று எழுத எனக்கு என்ன தெரியும்?)

மூன்றாவது தொடக்கம். இதையே வைத்துக்கொள்கிறேன்:

மணி அடித்தபோது கஸ்ஸியன் பால்கூடத்து நிலவறையில் சீஸ் வட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

3

மணி அடித்தபோது கஸ்ஸியன் பால்கூடத்து நிலவறையில் சீஸ் வட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் யாரும் கயிறு பிடித்து இழுப்பதில்லை. ஐந்து ஊர்களுக்கு ஒரே பாதிரியார். அவர் கீழே இருந்தபடி கைப்பேசியில் அழுத்துவார், இங்கே கோபுரத்தில் அடிக்கும். ஆனால் சாவு மணியின் கணக்கு மட்டும் மாறவில்லை. ஆண் என்றால் நிறுத்தி நிறுத்தி மூன்று முறை. பெண் என்றால் இரண்டு.

ஒரு முறை அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அடித்து ஓய்ந்தது. கஸ்ஸியன் வட்டைக் கையில் ஏந்தியபடியே மூன்றாவதற்குக் காத்திருந்தான். வரவில்லை.

பெண்.

அந்த நொடியில் ஷ்ரோஃபனில் எல்லோரும் ஒரே பெயரைத்தான் நினைத்தார்கள். கிரெஸென்ஸ், உருளைக்கிழங்கு தோண்டிய நாளிலிருந்தே படுக்கையில் கிடந்தாள். நிலவறைப் படிகளில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அகாத்தே, கையெல்லாம் மாவோடு வந்து நின்றாள்.

"போய்ட்டா பாவம். டேய், கையக் கழுவிட்டு ஓடு. ஜன்னல், கடிகாரம், கண்ணாடி. வரிசை மாத்திடாத."

"தெரியும்மா."

"உங்கப்பா இருந்தா நான் ஏன் சொல்லப்போறேன்?"

"தெரியும்னு சொல்றேன்ல!"

சாவு வீட்டுக்குக் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான் முதலில் உள்ளே போக வேண்டும். ஜன்னலைத் திறக்க வேண்டும். கடிகாரத்தை நிறுத்த வேண்டும். கண்ணாடியை மூட வேண்டும். மறுநாள் வீடு வீடாகப் போய், இறந்தவரின் பெயரை வீட்டுப் பெயரோடு சொல்லி ஜெபத்துக்கு அழைக்க வேண்டும். கஸ்ஸியனின் அப்பா போன பிறகு அந்த முறை இவனுக்கு வந்திருக்கிறது. இதுதான் முதல் தடவை. தப்பு வந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனான்.

சாவு வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. நேராக உள்ளே போனான். கட்டிலைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. ஜன்னலை அகலத் திறந்தான். சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தை ஒரு விரலால் பிடித்து நிறுத்தினான். அறையே ஊமையாகிப்போனது. துண்டை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பினான்.

"எவன்டா அது ஜன்னலத் தொறந்தது? குளிருது!"

அவன் ரத்தம் அப்படியே —

அவன் நெஞ்சுக்குள் ஏதோ —

(இல்லை. நடந்தது இதுதான்.) துண்டு கையிலிருந்து விழுந்தது. அவன் குனிந்து அதை எடுத்தான். நாலாக மடித்தான். மேஜைமேல் வைத்தான். அதற்குப் பிறகுதான் அலறினான்.

"என்னடா கத்துற? பேயையா பார்த்த?"

"அத்தை! நீங்க... மணி அடிச்சுதே!"

"அடிச்சுது. எனக்கு உடம்புதான் முடியல, காது நல்லாத்தான் இருக்கு. ரெண்டு. யாரு போனா?"

"நீங்கதான்னு நெனச்சு..."

கிரெஸென்ஸ் அவனையும், திறந்த ஜன்னலையும், நின்றுபோன கடிகாரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். போர்வை குலுங்கியது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது.

"நல்ல ஆளுடா நீ! உங்கப்பன் நிதானமானவன். மூக்குல கைய வெச்சுப் பார்த்துட்டுத்தான் ஜன்னலத் தொறப்பான். மொதல்ல கடிகாரத்த ஓட விடு. எனக்கு இன்னும் நேரம் இருக்கு. காப்பி வேற வரல. காலைல பல்லு வைத்தியர்கிட்ட போறேன்னு போனா, இன்னும் ஆளக் காணோம்."

கஸ்ஸியன் ஜன்னலைச் சாத்தினான். பெண்டுலத்தைத் தள்ளிவிட்டான். காப்பி போட்டு, பால் ஊற்றி, கிண்ணத்தை அவள் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்தான்.

(இங்கே நிறுத்துகிறேன். வாசகரே, நீங்கள் என்னைவிட வேகமானவர், உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அப்போது கஸ்ஸியனுக்குப் புரியவில்லை. "போறேன்னு போனா" என்பது காதில் விழுந்தது. யார் போனது என்று அவன் கேட்கவில்லை, ஏனென்றால் அவனுக்குத் தெரியும். கிரெஸென்ஸைப் பார்த்துக்கொள்கிற அந்த ஸ்லோவாக்கியாக்காரி. நீல ஜாக்கெட். தினமும் சாயங்காலம் பால்கூடத்துக்கு அலுமினியத் தூக்கோடு வருவாள். காப்பியில் ஊற்றிய பாலை நேற்று அவனே அவளுக்கு அளந்து கொடுத்திருந்தான். அவள் போட வேண்டிய காப்பியை இவன் போட்டான். போட்டுக்கொண்டே, செத்தது எந்தப் பெண்ணாக இருக்கும் என்று யோசித்தான்.)

4

நீர்த்தொட்டியருகே அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருத்தி கையில் மெழுகுவத்தி, ஒருத்தி கையில் தளிரோடு ஒடித்த தேவதாருக் கிளை. கஸ்ஸியன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அத்தை உயிரோட இருக்காங்க. காப்பி குடிக்கிறாங்க."

பனி அகற்றும் வண்டி ஓட்டுகிற எங்கெல்பெர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாத்தியா, நான் சொல்லல? அந்தக் கிழவி நம்ம எல்லாருக்கும் ஜன்னல் தொறந்து விட்டுட்டுத்தான்டா போவா!"

சிரிப்பு பாதியில் நின்றது. வேறு யாரோ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

"அப்ப யாரு?"

தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். ஒவ்வொருவரும் மெல்லத் தலையைத் திருப்பி, பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்று பார்த்தார்கள்.

"ஃபிலோமெனா எங்க?" என்றான் எங்கெல்பெர்ட். குரல் அவனுடையதாகவே இல்லை. "என் பொண்டாட்டி எங்க? காலைல மாட்டுக் கொட்டகைக்குப் போனாளே!"

அவன் ஓடினான். அந்தப் பருத்த உடம்பு ஓடி யாரும் பார்த்ததில்லை. சிரிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெயர்கள் கூவுவது கேட்டது. ஒரு தகப்பன் நகரத்தில் படிக்கிற மகளுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்துகொண்டிருந்தான். பாதிரியாரின் எண்ணை நாலு பேர் ஒரே நேரத்தில் அழைத்தார்கள். அணைத்து வைத்திருந்தார். வேறொரு ஊரில் பூசையில் இருப்பார்.

கஸ்ஸியன் தன் வீட்டைப் பார்த்தான். அடுப்பில் மாவு பொங்கிக் கிடந்தது. "அம்மா!" பதில் இல்லை. மேல்மாடி. இல்லை. விறகுக் கொட்டகை. இல்லை. நிலவறைப் படியில் வந்து நின்றவள் உண்மையில் வந்தாளா என்றுகூட ஒரு கணம் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

(இதை மிகைப்படுத்துகிறேனா? ஆசிரியை வட்டம் போடுவார். போடட்டும். மணி அடித்த பிறகுதான் அம்மா படியில் வந்து நின்றாள். அவள் சாகவில்லை என்பதை அறிவு சொன்னது. கால்கள் அதைக் கேட்கவில்லை.)

கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். மோஸர் குடும்பத்துக் கல்லின்மேல் இருந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா இப்படி ஓடி வர்ற? அவளுக்கு இடம் சுத்தம் பண்ணி வைக்க வேணாமா?"

"அம்மா, அத்தை சாகல!"

அகாத்தே துடைப்பத்தைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். "அட கடவுளே," என்றாள். "அவகிட்ட போய் நான் இங்க பெருக்கினேன்னு சொல்லிடாதடா."

5

இனி வருவதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதில்தான் கஸ்ஸியன் கதாநாயகன்.

ஃபிலோமெனா கிடைத்துவிட்டாள், கன்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தவளை எங்கெல்பெர்ட் சாணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டானாம். நகரத்து மகளும் போனை எடுத்துவிட்டாள். வகுப்பில் இருந்தேன், உங்களுக்கு என்ன பைத்தியமா என்று திட்டினாள். எல்லோரும் திரும்பத் தொட்டியடிக்கு வந்தார்கள். ஆனாலும் நிம்மதி வரவில்லை.

"இருங்க," என்றான் கஸ்ஸியன். "வகுப்புக்காக நேத்துதான் எண்ணினேன். பொம்பளைங்க இருபத்திரண்டு."

தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றான். மேல் வீட்டிலிருந்து தொடங்கி, வீட்டுப் பெயரும் ஆள் பெயருமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். சொல்லச் சொல்ல, "இருக்கேன்", "இருக்கா", "போன்ல பேசினேன்" என்று பதில் வந்தது. கடைசிப் பெயருக்கும் பதில் வந்தபோது அவன் இரண்டு கைகளையும் விரித்தான்.

"யாரும் சாகல!"

ஊர் அப்படியே வாய்விட்டுச் சிரித்தது. யாரோ போய் ஷ்னாப்ஸ் சாராயப் புட்டியும் குட்டிக் கண்ணாடிக் குவளைகளும் கொண்டு வந்தார்கள். கிரெஸென்ஸுக்காகக் கொண்டுவந்த மெழுகுவத்தியைத் தொட்டி விளிம்பில் ஏற்றி வைத்தான் எங்கெல்பெர்ட்.

"அந்தப் போலந்து சாமி வேற ஊர் பட்டன அழுத்திட்டாருடி! அஞ்சு ஊரு, அஞ்சு பட்டன். மனுஷன் கண்ணாடியப் போட மறந்திருப்பாரு."

"உனக்கு நல்லா வேணும்," என்றாள் ஃபிலோமெனா. "இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் என்னைத் தேடியிருக்க. மாசத்துக்கு ஒரு தடவ அந்த மணிய அடிக்கச் சொல்லணும்."

"கஸ்ஸியன், வாடா. கணக்குப் புலி. நீதான் மொதல்ல குடிக்கணும்."

கஸ்ஸியன் குடித்தான். தொண்டையிலிருந்து வயிறுவரை இதமாக இறங்கியது. தன் இரண்டு பக்கம் வகுப்பில் நன்றாக வரும் என்று நினைத்தான்.

6

பாதிரியார் மாரெக்கின் சின்னக் கார் கடைசி வளைவில் ஏறி வந்து நின்றது. கறுப்பு அங்கியோடு இறங்கியவர், குவளைகளையும் மெழுகுவத்தியையும் பார்த்துவிட்டு நடக்காமல் நின்றார்.

"இப்பவே குடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சாமி, நீங்க தப்பா அழுத்திட்டீங்க!" என்றான் எங்கெல்பெர்ட். "எங்க ஊர்ல யாரும் போகல. ஒருத்தி விடாம எண்ணியாச்சு."

"எண்ணினீங்களா?"

"கஸ்ஸியன் எண்ணினான். இருபத்திரண்டு. ஒண்ணுகூடக் குறையல."

பாதிரியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. அவர் முகத்தில் இருந்தது பயம்.

"டாரினா," என்றார்.

"எந்த டாரினா?"

(கேட்டது எங்கெல்பெர்ட் என்று முதலில் எழுதினேன். அவன் வாயில் அது பொருத்தமாக இருந்தது. அடித்துவிட்டேன். கேட்டது கஸ்ஸியன்.)

"டாரினா ஹுடாகோவா. நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்காங்க. வயசானவங்களப் பாத்துக்க வர்ற மத்தவங்க மாதிரி ரெண்டு வாரம் வந்து ரெண்டு வாரம் போறவங்க இல்ல. ஊராட்சியில பேரப் பதிஞ்சு, இங்கயே இருந்தாங்க. தினம் உங்ககிட்டதான பால் வாங்குவாங்க?"

காலைப் பஸ்ஸில் கீழே போய் இறங்கியவள், நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த பஸ் ஓட்டுநர் தூங்குகிறாள் என்று நினைத்தாராம். இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னாராம். பையில் பாதிரியாரின் எண் இருந்ததால் அவரை அழைத்திருக்கிறார்கள்.

"ஊர் எதுன்னு கேட்டாங்க. ஷ்ரோஃபன்னு சொன்னேன்," என்றார் பாதிரியார். "அதான் இந்த மணிய அழுத்தினேன். நான் செஞ்சது தப்பா?"

ஃபிலோமெனா தன் குவளையில் இருந்ததைப் பனியில் கொட்டினாள். யாரோ கையை நீட்டி மெழுகுவத்தியை அணைக்கப் போய், அணைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"போன வாரம் என்கிட்ட ஆப்பிள் ரொட்டி எப்படிப் பண்றதுன்னு கேட்டா," என்றாள் அகாத்தே. "அப்புறம் சொல்றேன்னேன்." பிறகு, யாரையும் பார்க்காமல், "அப்புறம்னு சொன்னேன்," என்றாள்.

கஸ்ஸியன் தொட்டி விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்றுமுன் அதில் ஏறி நின்று மனத்தால் பதினேழு வீட்டுக்குள்ளும் போய்வந்தான். மோஸர் வீட்டுக்குள்ளும் போனான். அங்கே கட்டிலில் ஒருத்தியை எண்ணினான். அடுப்படியில் நின்றவளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

* அடிக்குறிப்பு, இப்போது: நேற்றைய அந்தப் பத்தியில் இரண்டு பொய்கள் இருந்தன. நாற்பத்தொன்று என்றது ஒன்று. கிரெஸென்ஸ் தனியாக வாழ்கிறார் என்றது மற்றொன்று. இன்று இரண்டும் உண்மை. ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. அதை நினைத்தால்தான் பேனா பிடிக்க முடியவில்லை.

7

கிரெஸென்ஸிடம் யார் சொல்வது? கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான்.

அவள் காலிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை. மணி யாருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

அவன் ஒத்திகை பார்த்துவைத்த வாக்கியம் அதோடு தீர்ந்துபோனது. அவள் அவன் முகத்தைப் படித்தாள்.

"டாரினாவா?"

அந்தப் பெயரை யாரும் சொல்லித்தராமல் சொன்னவள் இந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். கஸ்ஸியன் தலையாட்டினான். கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கப் போனான். அவள் விடவில்லை.

"நான் வலிக்குதான்னு கேக்கல," என்றாள். "பல்லுதானேன்னு விட்டுட்டேன்."

(இங்கே அவள் அழுதாள் என்று எழுதலாம். அழவில்லை. எழுதாமல் விடுகிறேன்.)

கஸ்ஸியன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு நான் வீடு வீடாப் போகணும், அத்தை. எந்த வீட்டுப் பேரச் சொல்றது? பாதிரியாருக்கும் தெரியல."

"எந்த வீடா? இது என்ன மாட்டுக் கொட்டகையா?" கிரெஸென்ஸ் முழங்கையை ஊன்றி எழ முயன்றாள். "ஜன்னலத் தொற."

"அத்தை, உங்களுக்குக் குளிரும்."

"தொறடா. அப்புறம் அந்தக் கடிகாரத்த நிறுத்து."

அவன் திறந்தான். நிறுத்தினான். மேஜைமேல் மடித்து வைத்த துண்டு அங்கேயே இருந்தது. கண்ணாடியை மூடினான்.

8

முடிவுகள்.

ஒன்று: சனிக்கிழமை ஜெபத்துக்கு ஊரே தேவாலயத்துக்கு வருகிறது. வாசலில் இடம் இல்லை. டாரினாவின் மகன் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து, தன் அம்மாவுக்கு இத்தனை பேரா என்று —

(நான் எழுத விரும்புகிற முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

இரண்டு: ஒரு வேன் வந்து கீழேயே உடலை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஷ்ரோஃபனில் ஜெபத்துக்கு மூன்று பேர். பாதிரியார், அகாத்தே, கஸ்ஸியன்.

மூன்று: எல்லோரும் வருகிறார்கள். ஜெபம் சொல்கிறார்கள். சூப் குடிக்கிறார்கள். பனி இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த மாதம் வேறொரு பெண் வேறொரு ஜாக்கெட்டில் பால் வாங்க வருகிறாள்.

எது என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை இன்னும் வரவில்லை, வியாழக்கிழமை முன்னால் வந்துவிடும். வகுப்பில் முடிவு எங்கே என்று கேட்பார்கள். நான் போய் நிற்கிற கதவுகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களிடம் இருக்கிறது என்பேன். வாசகரே, உங்களுக்கும் ஒரு கதவு இருக்கும். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் சட்டென்று ஒரு எண்ணைச் சொல்வீர்கள். சொல்லுங்கள். நான் திருத்தப்போவதில்லை; எனக்கு அந்தத் தகுதி இல்லை.

அடுத்த வீட்டு ஜன்னல் இன்னும் திறந்தே இருக்கிறது. அம்மா அங்கே விறகு கொண்டுபோயிருக்கிறாள். இன்றிரவு அங்கேயே படுப்பதாகச் சொன்னாள்.

நாளை, புதன்: பால் வேலை முடிந்ததும் மேல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். மோஸர் வீட்டையும் எங்கள் வீட்டையும் கழித்தால் பதினைந்து கதவுகள். முதல் கதவு எங்கெல்பெர்ட்டுடையது. ஒவ்வொன்றிலும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்ல வேண்டியது: "மோஸர் வீட்டு டாரினா போய்விட்டாள். ஜெபத்துக்கு வாருங்கள்."